கிளட்ச் இல்லாத கார்

காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்னால் காருக்கு அடியில் விரித்திருந்த துணியை இழுப்பேன். இரண்டு மீட்டர் வெள்ளைப் பனியன் துணி. எங்கள் மெஷினிலேயே ஓடி, ஓட்டை விழுந்ததால் கழித்துப் போட்டது.

துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். கறுப்புப் பொட்டு இருந்தால் இன்ஜின் ஆயில், அதற்குக் கவலை இல்லை. சிவப்புப் பொட்டு இருந்தால் கியர்பாக்ஸ்.

"எத்தன?" என்று உள்ளே கட்டிலில் உட்கார்ந்தபடியே இவர் கேட்பார்.

"மூணுங்க."

"நேத்து?"

"நேத்து ரெண்டுங்க."

அப்புறம் காபி டம்ளரை வாங்கிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி குடிப்பார். நான் துணியை ஊறப் போட்டுவிட்டுக் கோலம் போடப் போவேன். இப்படியே பல நாள் போனது.

அன்றைக்கு ஒன்பது பொட்டு. பெரிய பெரிய பொட்டு. நான் நாலு என்று சொன்னேன்.

"நாலுன்னு நீ சொல்ற இழுவையிலயே தெரியுது, எட்டுக்குக் கொறையாது" என்றார்.

எனக்குப் பொய் சொல்ல வராது. அதற்காகச் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

அந்தத் துண்டு

கால் வராத என் கணவர் கார் ஓட்டிய கதையைப் போன வாரம் போகிற போக்கில் ஒரு வரியில் எழுதிவிட்டேன். இரண்டு வாசகிகள் கோபமாகவே கடிதம் போட்டிருக்கிறார்கள். ஒரு காலை வைத்துக்கொண்டு மூன்று பெடலை எப்படி மிதிப்பார், கதை விட ஒரு அளவு வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கோபம்தான். விஷயம் என்னவென்றால், அந்தக் காரில் இருந்ததே இரண்டு பெடல்.

அதற்கு முன்னால் இவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் எங்கும் நான் பெயரை எழுதவில்லை என்று கவனித்திருப்பீர்கள். புருஷன் பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்துவிட்டார்கள். சொல்லாமலே இருந்தேன். அப்படியும் குறைந்துதான் போனது. இனிமேல் சொன்னால் என்ன என்று பேனாவை எடுக்கிறேன், கை வரமாட்டேன் என்கிறது.

மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இவருக்கு இடது கால் சூம்பிப் போயிற்று. வலது காலில் இரண்டு காலின் பலம். பள்ளிக்கூடத்துக்கு அண்ணன் சைக்கிள் கேரியரில் போனார். பெரியவரான பிறகு அதே அண்ணனின் மொபெட், அப்புறம் ஸ்கூட்டர். வண்டிதான் மாறியது, உட்கார்ந்த இடம் மாறவில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்ததும் அந்த ஸ்கூட்டரின் பின்னால்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அண்ணன், அதாவது என் மூத்தார், ஸ்டாண்ட் போட்டுவிட்டு, தம்பியின் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்வதுபோல் அக்குளில் கை கொடுத்து இறக்கிவிட்டார். பார்க்கிற யாருக்கும் துண்டைச் சரி செய்வதாகத்தான் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது. மூத்தார் மேல் மரியாதை வந்ததும் இவர் மேல் ஆசை வந்ததும் அந்த நிமிஷத்தில்தான்.

எஸ்டேட் கார்

நல்லூரில் எங்களுக்கு ஆறு நிட்டிங் மெஷின் இருந்தது. முன்னால் வீடு, பின்னால் ஷெட். அந்தக் காலத்தில் திருப்பூரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். மெஷின் சத்தத்தில் பேசிப் பேசி எனக்குக் குரலே பெரிதாகிவிட்டது. இப்போதும் நான் ரகசியம் சொன்னால் தெருவுக்கே கேட்கும்.

மகள் பிறப்பதற்கு முந்தைய வருஷம் என்று நினைக்கிறேன். அவிநாசி ரோட்டில் ஒரு எக்ஸ்போர்ட்காரர் வீட்டு வேப்ப மரத்தடியில் ஒரு வெளிநாட்டுக் கார் நின்றிருந்தது. நீளமாக, பாசிப் பச்சை நிறத்தில். குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் வைத்திருந்த யாரோ விட்டுப் போனது. வயசான வண்டி. மேலெல்லாம் வேப்பம்பூ.

மூத்தாரோடு துணி கொடுக்கப் போன இவர், சும்மா கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். கீழே இரண்டு பெடல்தான் இருந்திருக்கிறது. ஒன்று பிரேக், ஒன்று ஆக்சிலேட்டர். கிளட்ச் கிடையாது. கியர் தானே மாறிக்கொள்ளும். இரண்டுக்கும் வலது கால் போதும்.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைத் தொடவில்லை. "ரெண்டே பெடல்தான்" என்றார். ரசம் ஊற்றினேன். "ரெண்டே ரெண்டுதான்" என்றார் மறுபடியும். முப்பத்தாறு வயசு ஆம்பிளையின் கண் அப்படிக் கலங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது அவிநாசி ரோட்டில் போகிற காரில் பாதி அப்படித்தானாம். பெண் பிள்ளைகள் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு போன் பேசியபடி ஓட்டிப் போகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் நடந்துகொண்டிருந்தாலும் நின்றுவிடுகிறேன். கொஞ்சம் பொறாமை, அதைவிட அதிகமாக இவர் இல்லையே என்கிற நினைப்பு.

கார் வந்தது. பழகிக்கொண்டார். லைசென்ஸும் வாங்கினார். அந்தக் கதையில் நாலு பிரேக் இன்ஸ்பெக்டர்கள் வருகிறார்கள், இங்கே இடம் போதாது. மூன்று மாதம் ஓட்டினார். அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட அவர் காரில் தனியாக இருந்ததில்லை. இடப்பக்கம் மூத்தார், ஹேண்ட் பிரேக் மேல் ஒரு கையை வைத்தபடி. பின் சீட்டில் நான். "மெதுவா போ சாமி, மெதுவா" என்று மூத்தார் சொல்லிக்கொண்டே வருவார். சைக்கிளைவிட மெதுவாகத்தான் போவோம்.

பின் சீட்டிலிருந்து எனக்கு இவருடைய பின் கழுத்துதான் தெரியும். முன்னால் உட்கார்ந்து ஒரு முறை அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருக்கும். மூத்தாரை எழுந்து பின்னால் வாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

பல்லடம் ரோட்டு ஏற்றம்

பல்லடம் ரோட்டில் ஒரு சின்ன ஏற்றம். சைக்கிள்காரர்களே இறங்காமல் ஏறுவார்கள். எங்கள் வண்டி பாதி ஏற்றத்தில் கத்த ஆரம்பித்தது. இவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜின் அலறியது, சக்கரம் நகரவில்லை. பின்னால் ஒரு தனியார் பஸ்காரன் வந்து நின்று ஹாரன் அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான்.

மூத்தார் இறங்கித் தள்ளினார். நானும் இறங்கினேன். பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கி வந்தார்கள். ஓரமாகத் தள்ளி நிறுத்திய பிறகு ஒருவர் இவரைப் பார்த்து, "நீங்க மட்டும் எறங்காத சொகுசா உக்காந்திருக்கறீங்களே!" என்றார். கதவைத் திறந்து இவர் காலை வெளியே எடுத்து வைத்ததும் அந்த ஆள் முகம் செத்துப் போயிற்று. "மன்னிச்சுக்குங்க" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் திட்டியதைவிட மன்னிப்புக் கேட்டதுதான் இவருக்கு வலித்திருக்கும்.

ஒரு டிராக்டரைப் பிடித்து, கயிறு கட்டி வீடு வரை இழுத்து வந்தோம். அப்படி இழுக்கவே கூடாது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். வெளிநாட்டு வண்டிகளில் கைதேர்ந்தவர் என்று கூட்டி வந்தார்கள். கியர் கம்பியை அப்படியும் இப்படியும் தள்ளிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஆட்டோமேட்டிக் எல்லாம் நம்மூருக்கு ஆவாதுங்க. பார்ட்ஸும் கெடைக்காது, கழட்டுனா மாட்டறதுக்கும் ஆளில்ல. இதைத் தூக்கிக் கடாசிட்டு நம்மூரு வண்டி கியர்பாக்ஸ மாட்டிக் குடுத்தர்றனுங்க. கிளட்ச் ஒண்ணு வெச்சா அம்சமா ஓடும்."

சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் இவருடைய காலைப் பார்த்தார்.

"டிரைவர் போட்டுக்குங்க" என்றார், குரலை இறக்கி.

மூத்தாருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. "ஏஞ்சாமி, நீ எதுக்கு இத்தன செரமப்படோணும்? ஒரு பையன வெச்சுக்கலாம். நீ பின்னால சவுரியமா உக்காந்து போ."

அந்த மனுஷர் மனசில் அன்பைத் தவிர வேறொன்றும் கிடையாது. அதனால்தான் இவரால் எதிர்த்துப் பேச முடியவில்லை. "ஒரு மாசம் குடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

புத்தகமும் அகராதியும்

காரின் டேஷ்போர்டில் அந்த வண்டிக்கான இங்கிலீஷ் ரிப்பேர் புத்தகம் ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் எலி கடித்தது. நான் பி.யூ.சி. வரை படித்தவள். பள்ளிக்கூட அகராதியைத் தேடி எடுத்து, ஷெட்டில் பாபின் பெட்டி மேல் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

நான் வாசித்துத் தமிழில் சொல்வேன், இவர் கேட்பார். கேட்ட பிறகு ஜெபராஜ் செய்வான். ஜெபராஜ் எங்கள் மெஷின் பிட்டர். தூத்துக்குடிப் பக்கம். இவருக்கும் அவனுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. காரைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் திருகு இருக்கிற எதையும் கழற்றிவிடுவான்.

"இதுல பயப்பட என்ன அண்ணாச்சி இருக்கு? ஆயிரத்துக்கு மேல ஊசி இருக்க மெஷினையே தூள் தூளா கழட்டி மாட்டுதோம். இது ஒரு டப்பா" என்பான்.

வாசிக்க வாசிக்கத்தான் எங்கள் மடத்தனம் தெரிந்தது. பின்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகாதே என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். அதைப் படிக்கும்போது மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஆயில் அளக்கிற முறையும் தப்பு. இன்ஜினை நிறுத்திவிட்டுக் குச்சியை எடுத்துப் பார்ப்போம், நிறைய இருப்பதுபோல் காட்டும். வண்டி ஓடிச் சூடான பிறகு, சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. அப்படிப் பார்த்தால் குச்சியின் நுனியில்தான் ஈரம். முகர்ந்து பார்த்தேன். பாகு காய்ச்சும்போது அடிப்பிடித்த வெல்ல வாசனை.

சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பிப் பொடி நிறத்தில் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து புது எண்ணெய் வரவழைத்து ஊற்றினோம். ஊற்றியது துணியில் பொட்டாக வந்தது. ஆரம்பத்தில் சொன்னேனே, அந்தப் பொட்டுகள். அடித்தட்டின் பேக்கிங் போயிருந்தது. அதைக் கழற்றாமல் முடியாது என்று ஆயிற்று.

மிளகளவு உருண்டைகள்

காரை நாலு மரக்கட்டை மேல் ஏற்றினான் ஜெபராஜ். அடித்தட்டை இறக்கினால் கறுப்புக் களிம்பு. எண்ணெய் வடிகட்டுகிற சல்லடை அடைத்துக் கிடந்தது. அதற்கு மேலே ஒரு இரும்புப் பலகை, உள்ளே எறும்புப் புற்றுபோல வளைந்து வளைந்து போகிற வழிகள். எண்ணெய் எந்த வழியில் போகிறதோ அதற்குத் தகுந்தபடி கியர் மாறுமாம். அதையும் இறக்கிச் சுத்தம் செய்தால்தான் ஆகும் என்று புத்தகம் சொன்னது. இறக்கினால் உள்ளே மிளகளவு இரும்பு உருண்டைகள் இருக்கும், ஒன்று தொலைந்தாலும் வண்டி அவ்வளவுதான் என்றும் சொன்னது.

நான் ஒரு காரியம் செய்தேன். பனியன் வெட்டுவதற்கு மாதிரி அட்டை வைத்திருப்போம். அதில் ஒன்றை எடுத்து, அந்தப் பலகையை அப்படியே மேலே வைத்து மார்க்கிங் சாக்பீஸால் வரைந்தேன். எந்த உருண்டை எந்தக் குழியில் இருந்ததோ அந்த இடத்தில் அட்டையில் ஓட்டை போட்டு உட்கார வைத்தேன். எந்த ஸ்பிரிங் எங்கே என்று எழுதினேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கட்டிங் மாஸ்டர் தோத்தான் போ" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு இரண்டு நாள் பசிக்கவில்லை.

பெட்ரோலில் கழுவி ஒவ்வொரு துண்டையும் நானே துடைத்தேன். யாரையும் தொட விடவில்லை. எங்கள் ஷெட்டில் இருந்ததிலேயே மெத்தென்ற பனியன் துணியாகப் பார்த்து எடுத்து, குழந்தைக்குக் காது துடைப்பதுபோல முறுக்கி, ஒவ்வொரு குழிக்குள்ளும் விட்டுத் துடைத்தேன். கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் மாட்டிப் புது எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்தோம். மூத்தார் வழக்கம்போல இடப்பக்கம் உட்கார்ந்தார். கம்பியைத் தள்ளியதும் கார் அழகாக முன்னால் நகர்ந்தது. ஜெபராஜ் "ஏசுவே" என்றான். நான் கைதட்டிவிட்டேன்.

தெருக்கோடி போவதற்குள் சத்தம் மாறியது. முதல் கியரிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் அடுத்த கியருக்குப் போகவில்லை. இன்ஜின் அடித்தொண்டையில் கத்திக்கொண்டே போய்க் கத்திக்கொண்டே திரும்பி வந்தது. மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் அதே கதி.

முன்னாலாவது பழைய கோளாறு. இப்போது நாங்கள் கை வைத்து வந்த கோளாறு.

இவர் இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மூத்தார் சுற்றி வந்து கதவைத் திறந்து, துண்டைச் சரி செய்வதுபோல் இறக்கிவிட்டார்.

"போதுஞ்சாமி. வெள்ளிக்கெழம கோயமுத்தூர்க்காரர வரச் சொல்லிர்றேன்."

"சரிங்கண்ணா" என்றார் இவர்.

மூன்றாம் நம்பர் மெஷின்

செவ்வாய்க்கிழமை மூன்றாம் நம்பர் மெஷினில் துணி வரிசையாக ஓட்டை விழுந்து இறங்கியது. ஜெபராஜ் நிறுத்திப் பார்த்தான். நூல் போகிற கண்ணில் பஞ்சு சேர்ந்து அடைத்திருந்தது. இடுக்கியால் இழுத்து எடுத்தான். வெள்ளையாக, கொசு முட்டை அளவு பஞ்சு.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி உதவி செய்கிறேன் என்று பனியன் வேஸ்ட்டை எடுத்து ஊசி வரிசையைத் துடைக்கப் போனாள். நான் பாய்ந்துவிட்டேன்.

"அடி கண்ணு! மெஷினத் துணியில தொடைக்காதீன்னு எத்தன தடவ சொல்றது? தொடைச்சா பஞ்சு உள்ளார போயிரும். காத்துத்தான் அடிக்கோணும்."

சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த வேஸ்ட்டைப் பிடுங்கியவள், அதையே பார்த்தபடி நின்றேன்.

ஆறு வருஷமாக வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நான் சொல்லிக் கொடுத்த பாடம் அது. திருப்பூரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நான், அந்தப் பலகையின் ஒவ்வொரு குழிக்குள்ளும் பனியன் துணியை விட்டு முறுக்கி முறுக்கித் துடைத்திருக்கிறேன். நிட்டிங் மெஷின் என்றால் பஞ்சு ஞாபகம் வருகிறது. கார் என்றால் வரவில்லை. கார் துடைக்கப் பனியன் வேஸ்ட், அவ்வளவுதான் எங்கள் புத்தியில் இருந்தது.

உடனே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று பேர் சேர்ந்து கெடுத்தது என்று இருக்கிறவரை பரவாயில்லை, நான்தான் கெடுத்தேன் என்று ஆவதற்கு வாய் வரவில்லை. "காரு ரிப்பேர் பண்ணுனாளாம் பொம்பள" என்று சொந்தத்தில் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்கள். செவ்வாய் போயிற்று. புதன் போயிற்று. வெள்ளிக்கிழமை வந்தால் அந்த டப்பாவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள், கூடவே இவருடைய இரண்டு பெடலும் போய்விடும் என்று தெரிந்துகொண்டே சும்மா இருந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

வியாழக்கிழமை காலை இவருக்கு இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க, தப்பு என்ரதுங்க. பனியன் துணில தொடைச்சனுங்க. உள்ளார பஞ்சு போயிருக்கும்."

இவர் இட்லியைப் பிட்டபடி கேட்டார். பிட்ட துண்டைத் தட்டிலேயே வைத்தார். கோபித்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"கம்ப்ரசர் சும்மாத்தான இருக்குது?" என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். சட்னி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்கு ஆறு மெஷினையும் நிறுத்தினோம். ஜெபராஜ் மறுபடியும் எல்லாவற்றையும் இறக்கினான். அந்தப் பலகையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு உருளை உண்டு. அது தன் குழிக்குள் வழுக்கி முன்னும் பின்னும் போனால்தான் கியர் மாறும். அது நகரவில்லை. மெல்லத் தட்டி வெளியே எடுத்தால், அதன் இடுப்பைச் சுற்றி ஒரே ஒரு வெள்ளை இழை. எங்கள் துணி, எங்கள் நூல்.

"யக்கா, முப்பதாம் நம்பர் நூலு" என்றான் ஜெபராஜ். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு! கடைசியில் நானே சிரித்துவிட்டேன்.

பெட்ரோலில் கழுவினோம். துணி எதையும் அருகில் சேர்க்கவில்லை. கம்ப்ரசர் குழாயைப் பிடித்து ஒவ்வொரு குழிக்கும் நான்தான் காற்று அடித்தேன். ஒவ்வொரு உருளையும் தன் கனத்திலேயே வழுக்கி இறங்குகிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார் இவர். கையைத் துணியில் துடைக்கவும் விடவில்லை நான். சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்துக்கொண்டு வரச் சொன்னேன்.

சாயங்காலம் ஷெட்டுக்குப் பின்னாலிருந்த காலி மனையில் சுற்றினார். முதல் சுற்றில் ஒரு சின்ன அசைவு, தலையாட்டுகிற மாதிரி. சத்தம் இறங்கி வண்டி இலேசாயிற்று. கியர் மாறிவிட்டது. அடுத்த சுற்றிலும் மாறியது. கோயம்புத்தூர்க்காரரை வர வேண்டாம் என்று மூத்தாருக்கு ஆள் அனுப்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை காலை. மூத்தார் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் அவசர அவசரமாகச் சமையலை முடித்து, மாம்பழ நிறச் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தேன். முன் சீட்டு காலியாக இருந்தது. இடப்பக்கக் கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன்.

இவர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். கூச்சப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"கண்ணு, ஒருக்கா நா மட்டும் போயிட்டு வந்தர்றனே."

கைப்பிடியை விட்டுவிட்டேன். "சரிங்க, பாத்துப் போங்க" என்றேன். கார் தெருவில் இறங்கி, முனையில் திரும்பியது. கியர் மாறுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் கேட்கவில்லை.

உள்ளே போய் அழுதேன். என்னைக் கூட்டிப் போகவில்லையே என்று வருத்தம். நான் பிரித்து நான் துடைத்து நான் கெடுத்து நான் சரி செய்த வண்டி, எனக்கு இடமில்லையா என்று கோபமும் இருந்தது.

பதினோரு மணி வாக்கில் மூத்தார் வந்தார். கல்யாணப் பையை நீட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

"காரெங்கம்மா?"

"அவுரு எடுத்துட்டுப் போயிருக்கறாருங்க."

"கூட ஆரு?"

"ஆருமில்லீங்க."

மூத்தார் திரும்பித் தெருவைப் பார்த்தார். போய்த் தேடலாம் என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தவர், எடுத்ததைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு எதிரில் அவர் அவ்வளவு நேரம் உட்கார்ந்தது அன்றுதான்.

"முப்பத்தாறு வருசமாச்சு" என்றார். "அவன் எங்கிருக்கறான்னு எனக்குத் தெரியாம ஒரு நாளும் இருந்ததில்ல."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இவர் பிறந்ததிலிருந்து எங்கே போனாலும் அது இன்னொருவருக்குத் தெரிந்த இடம். யாராவது ஏற்றிவிட்டு, யாராவது இறக்கிவிட்டு, எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்டு அனுப்பிய இடம். தனியாக ஒரு டீக்கடையில்கூட இவர் நின்றிருக்க மாட்டார். அழுததற்கு வெட்கமாக இருந்தது. மூத்தாருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு பேரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒரு மணிக்கு மேல் கார் வந்தது. இவர் கதவைத் திறந்து, கூரையைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கினார். மூத்தார் எழுந்தவர், போகாமல் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டார். இவருக்குத் தலையெல்லாம் கலைந்து, ஜன்னல் பக்கத்து வலது கை வெயிலில் சிவந்திருந்தது. கையில் ஒன்றும் இல்லை. எதுவும் வாங்கி வரவில்லை.

"தண்ணி குடு" என்றார்.

கொடுத்தேன். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று பார்த்ததில்லை, மகள் பிறந்தபோதும் பிற்பாடு பார்க்கவில்லை. அந்த முகத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று பட்டது. ஆனாலும் சந்தோஷமாக இருந்தது.

"நல்லா ஓடுச்சுங்களா?" என்றேன்.

"ஓடுச்சு" என்றார்.

மூத்தார் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கே போனாய் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஆறேழு வருஷம் அந்தக் காரில் சுற்றினோம். அவிநாசி கோயிலுக்கு, பல்லடம் சந்தைக்கு, மகளை ஏற்றிக்கொண்டு ஊட்டி வரைக்கும்கூட. முன் சீட்டில் நான்தான். அந்தப் பயணங்களெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் இல்லாதது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். இவர் போய் இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ராத்திரி பகல் பார்க்காமல் நான் ஏங்குவதும் அதற்குத்தான். எந்த ரோட்டில் போயிருப்பார்? எங்கேயாவது நிறுத்தினாரா? யாரிடமாவது பேசினாரா? பாட்டுப் பாடியிருப்பாரோ? எங்களுக்கு முன்னால் பாடமாட்டார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். எனக்கு எதையும் மறைக்கிற மனுஷர் இல்லை. கேட்டால் அதில் எனக்கும் பங்கு வந்துவிடும், அவருக்கென்று ஒன்றாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விட்டது சரிதான். இப்போது கேட்கலாம் போல இருக்கிறது.